கரிசல் கண்மாய்களும் நீர்ப்பட்சிகளும்

பட்சிகளைப் பார்ப்பதற்கென்றே பிரயாணம் புறப்படுகிற தமிழர்கள் பெரும்பாலும் வேடந்தாங்கலுக்கோ கோடியக்கரைக்கோ பழவேற்காட்டுக்கோதான் போகிறார்கள். விருதுநகருக்குக் கிழக்கே, பருத்தியும் சோளமும் விளைகிற கரிசல் பூமியில் இருக்கும் மல்லாங்கிணறு போன்ற ஓர் ஊரைச் சொல்லி, அங்கே நீர்ப்பறவைகளுக்கு என்ன வேலை என்று கேட்டால், ஒரு வேலையும் இல்லை என்றே பலரும் பதில் சொல்வார்கள். மழை குறைந்த பிரதேசம். வற்றாத நதி ஒன்றுகூடக் கிடையாது. சமுத்திரமோ தென்கிழக்கே, நேர்க்கோட்டில் அளந்தால், எழுபது கிலோமீட்டருக்கும் சற்று அப்பால் இருக்கிறது. ஆயினும், ஐப்பசி கார்த்திகையில் மழை ஏமாற்றாமல் பெய்துவிட்ட வருஷங்களில் இந்தப் பக்கத்துக் கண்மாய்க் கரை எதிலேனும் விடியற்காலையில் ஒரு மணி நேரம் நின்றவர்கள் அந்தப் பதிலை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கரிசல் காட்டுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையே நீர்ப்பறவைகளின் போக்குவரத்து எவ்வாறு நடைபெறுகிறது, எந்த ருதுவில் எந்த நீர்நிலையை அவை அண்டி வாழ்கின்றன, மனிதர்களால் அவற்றுக்கு விளையும் அனுகூலமும் பிரதிகூலமும் எவை என்பவற்றை ஒருசேர எடுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் உத்தேசம்.

எல்லையைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1910-ஆம் ஆண்டில் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து சில பகுதிகளைப் பிரித்து அமைத்த பழைய இராமநாதபுரம் ஜில்லா, மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரம் தொடங்கிக் கிழக்கே இராமேசுவரம் கரை வரையில் பரந்து கிடந்தது. 1985-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அது மூன்றாக உடைந்தபோது, கரிசலும் பட்டாசும் ஒரு மாவட்டத்துக்கும், சிவகங்கைச் சீமை இன்னொன்றுக்கும், கடற்கரை மூன்றாவதற்கும் போய்ச் சேர்ந்தன. இந்தப் பாகப்பிரிவினை ரெவின்யூ அதிகாரிகளுக்குத் தெரியுமே தவிர நாரைகளுக்குத் தெரியாது. மதுரைக்கு மேற்கேயுள்ள மலைப்புறத்தில் தோன்றித் திருமங்கலம், திருச்சுழி, கமுதி, முதுகுளத்தூர் என்று இறங்கிக் கடலை நாடும் குண்டாற்றின் போக்கை ஒரு படத்தில் வரைந்து, அதன் இரு மருங்கிலும் உள்ள கண்மாய்களைப் புள்ளிகளாகக் குறித்துக்கொண்டால், நம் பிரதேசத்துப் பறவைகளின் பாதையும் ஏறக்குறைய அதிலேயே அடங்கிவிடும். ஆகையால் இக்கட்டுரையில் 'நம் பிரதேசம்' என்று வருகிற இடங்களிலெல்லாம் பழைய ஜில்லாவையே வாசகர் எண்ணிக்கொள்வாராக.

வைகைப் பாய்ச்சல் எட்டாத இடங்களில் கண்மாய் என்பது மழையை நம்பி வெட்டப்பட்ட பள்ளம். தாழ்ந்து போகும் நிலத்துக்குக் குறுக்கே பிறைவடிவாக ஒரு கரை, கரையில் மடைகள், மிகுநீர் வழிய ஒரு கலுங்கு, மேலிருந்து நீரைக் கொண்டுவரும் வரத்துக்கால். மேலூர்க் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அந்த நீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்கும், அது நிரம்பினால் அதற்கும் கீழே உள்ளதற்குமாகச் செல்லும்படி சங்கிலித் தொடராக அமைத்த முன்னோரின் சாமர்த்தியத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். இவற்றுள் சில, ஏரி என்று சொல்வதற்கும் மேற்பட்டவை, ஆர்.எஸ். மங்கலம் கண்மாய்க்கு நாற்பத்தெட்டு மடை என்றும், அதன் அகலத்தை ஒரே வீச்சில் நாரையாலும் பறந்து கடக்க முடியாது என்றும் அந்தப் பக்கத்து ஜனங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் பெரியதாயினும் சிறியதாயினும் அவற்றில் பெரும்பாலானவற்றின் ஆயுள் நாலைந்து மாதந்தான். நல்ல வருஷத்தில் கார்த்திகையில் நிரம்பிப் பங்குனியில் வற்றும். கெட்ட வருஷத்தில் நிரம்புவதே இல்லை. மேலும், ஒரு கண்மாய் நிரம்பிய அதே வருஷத்தில் நாலு மைலுக்கு அப்பால் உள்ள இன்னொன்று வறண்டு கிடப்பதும் உண்டு. கரிசலில் மழை அப்படித் திட்டுத்திட்டாகப் பெய்யும்.

கண்மாய்களின் இந்த நிலையின்மையையே இனிச் சொல்லப்போவது முழுவதற்கும் அடிப்படையாக நான் கருதுகிறேன். வேடந்தாங்கலில் வருஷம் தவறாமல் பறவைகள் கூடுவதனால், 1798-ஆம் ஆண்டளவிலேயே செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரையிடம் அவ்வூர் ஜனங்கள் தங்கள் ஏரிப் பறவைகளுக்குப் பாதுகாப்புக் கோரிக் கவுல் எழுதி வாங்க முடிந்தது. இங்கோ, இன்ன ஊர்க் கண்மாய்க்கு இன்ன பறவை வரும் என்று எவரும் சாசனம் எழுதிக் கொடுக்க முடியாது. சென்ற வருஷம் நூறு கூடு கட்டிய இடத்தில் இந்த வருஷம் ஒரு கூடும் இல்லாமற்போகலாம். பத்து வருஷமாகப் பறவையே காணாத ஒரு கண்மாயில் திடீரென்று கூட்டம் கூடலாம். எனவே, இந்தப் பிரதேசத்தில் ஒரு கண்மாயை மட்டும் வேலியிட்டுக் காப்பது போதாது. சங்கிலி முழுவதையும் காக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். இனி ருதுக்களின் முறையில் சொல்லிக்கொண்டு போனால் இதற்கு ஆதாரம் தானாகவே வெளிப்படும்.

பறவைகளின் வருஷம் சித்திரையில் பிறப்பதில்லை, ஆவணியில் பிறக்கிறது. கண்மாய்கள் வெடித்துக் கிடக்கும் அந்தச் சமயத்தில், எங்கேனும் ஒரு மடைப்பள்ளத்தில் எஞ்சிய சேற்றோரத்தில் வாலை ஆட்டிக்கொண்டு தனியாகத் திரியும் உள்ளான் ஒன்றைக் கண்டால், வடதேசத்துக் குளிர்காலம் புறப்பட்டுவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். பொரி உள்ளானும் பச்சைக்காலியும் முதலில் வரும்; பிறகு வாலாட்டிகளும் தகைவிலான்களும் வரும். மழை வருவதற்கு முன்னமேயே இவை வந்துவிடுவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அவை நம் மழையை எதிர்பார்த்துப் புறப்பட்டவை அல்ல. தங்கள் ஊரில் பகல் குறுகுவதைக் கண்டு கிளம்பியவை. மழை வந்தால் பரவி மேயும். வராவிட்டால் கடற்கரைக்கு இறங்கிவிடும்.

வடகிழக்குப் பருவக்காற்று பெரும்பாலும் ஐப்பசித் தொடக்கத்தில், அதாவது அக்டோபர் மூன்றாம் வாரத்தையொட்டி, ஆரம்பமாகிறது. கரிசல் மண் முதல் மழைகளைத் தானே குடித்துவிடும்; வெடிப்புகள் மூடி, மண் பசையாகிக் காலைப் பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் வரத்துக்காலில் தண்ணீர் ஓடும். உள்வாயில் முழங்காலளவு நீர் தேங்கிய சில தினங்களுக்குள் பவளக்காலிகள் வந்து விடுகின்றன. மெல்லிய கறுப்புக் கச்சை கட்டினாற்போன்ற சிறகும் நீண்ட சிவந்த கால்களும் உடைய இப்பறவை, ஆழம் ஏறுவதற்கு முன் கிடைக்கும் புழுப்பூச்சிகளுக்காக அவசரப்படுவதைப் பார்த்தால், நீர்க்கணக்கில் அதற்குள்ள தேர்ச்சி நம் நீர்ப்பாய்ச்சிகளுக்கும் இருக்கிறதா என்ற சந்தேகம் எழும். அவற்றை அடுத்து முக்குளிப்பான், நாமக்கோழி, புள்ளிமூக்கு வாத்து. கார்த்திகை மத்தியில் கண்மாய் நிறைந்தபின் வடக்கேயிருந்து ஊசிவால் வாத்துகளும் நீலச்சிறகிகளும் தட்டைவாயன்களும் வந்து இறங்குகின்றன. பகலெல்லாம் நடுநீரில் கட்டையாக மிதந்து உறங்கிவிட்டு, அந்தி மயங்கியதும் வயற்பக்கம் மேயப் புறப்படுவதனால், வாத்துகளை நண்பகலில் பார்த்துவிட்டு இவை ஒன்றுமே செய்வதில்லை என்று தீர்ப்பளிப்பது நியாயமாகாது.

இந்தப் பருவத்தின் உச்சம் மார்கழியும் தையும். வடதேசத்து விருந்தினரைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள்; ஆனால் நம் கண்மாய்களின் உண்மையான பெருமை இங்கேயே பிறந்து இங்கேயே குஞ்சு பொரிக்கும் நாரை வர்க்கத்தினால்தான் என்று நான் நினைக்கிறேன். முதுகுளத்தூர் பக்கத்துச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களிலும், சாயல்குடிப் பக்கத்து மேலச்செல்வனூர் கீழச்செல்வனூரிலும், நயினார்கோயிலுக்கு அருகில் தேர்த்தங்கலிலும், இராமநாதபுரத்தை ஒட்டிய சக்கரக்கோட்டையிலும் கருவேல மரங்களின் உச்சியில் மஞ்சள்மூக்கு நாரைகள் சுள்ளி அடுக்கிக் கூடு கட்டுகின்றன. ஒரே மரத்தில் மேல்தட்டில் நாரையும், நடுவே அரிவாள்மூக்கனும் கரண்டிவாயனும், தாழ்ந்த கிளைகளில் நீர்க்காகமும் கொக்கும் வக்காவும் குடியிருப்பது வழக்கம்.

நாரைக் கூடு ஒன்றை நண்பகலில் நிதானமாகக் கவனிப்பது நல்லது. வெயில் ஏறியதும், தாயோ தந்தையோ கூட்டின் விளிம்பில் வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, இரண்டு சிறகுகளையும் பாதி விரித்துத் தாழ்த்தி, வெண்பஞ்சாகக் கிடக்கும் குஞ்சுகளின் மேல் நிழல் விழும்படி செய்கிறது; சூரியன் நகர நகர அதுவும் அடியெடுத்து வைத்துத் திரும்புகிறது. மற்றது இரை தேடப் போயிருக்கும். நாரை மீனைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை. அலகைப் பாதி திறந்து கலங்கல் நீருக்குள் வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் வீசி நடந்து, ஒரு காலால் சேற்றைக் கிளறி, அலகில் மீன் முட்டிய கணத்தில் கவ்விக்கொள்கிறது. ஆகையால் அதற்குத் தெளிந்த ஆழமான ஜலம் உபயோகமில்லை. முழங்காலளவு நீரும், அதில் மிகுந்த சிறுமீனும் வேண்டும். கண்மாய் நீர் குறையத் தொடங்கும் காலத்தில் குஞ்சுகளின் பசி உச்சத்தை அடையும்படி அவை முட்டையிடும் காலத்தை அமைத்துக்கொண்டிருக்கின்றன. இரையோடு வந்த நாரை அதைக் குஞ்சுகளின் வாயில் ஊட்டுவதில்லை. கூட்டின் நடுவே கக்கிவிடுகிறது. வலியது முதலில் விழுங்கும். குஞ்சு பறக்கப் பழக இரண்டு மாதமாகும். முதுகின் பின்புறத்து ரோஜா நிறச் சிறகுகளும் மெழுகுமஞ்சள் அலகும் பூரணமாக அமையச் சுமார் மூன்று வருஷங்களாகும். மாசியில் கண்மாய் வற்றிவிட்டால் பறக்கத் தெரியாத குஞ்சுகளின் கதி என்ன என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

நத்தைகுத்தி நாரையின் தொழிலும் சுவாரஸ்யமானது. அலகின் நடுவே பாக்குவெட்டி போல ஓர் இடைவெளி இருப்பதனால் நத்தையை அது நசுக்கி உடைக்கிறது என்று வெகுகாலம் எண்ணினார்கள். அது ஓட்டை உடைப்பதில்லை. அலகின் கூர்முனையை ஓட்டின் வாய்க்குள் செலுத்தி, சதையை ஓட்டோடு பிணைத்திருக்கும் தசையை அறுத்து, நத்தையை முழுசாக உருவி எடுக்கிறது. குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி கிடையாது. வயது ஏற ஏறத்தான் அமைகிறது.

கண்மாயை விட்டுக் காட்டுக்குள் போனால், அதே மார்கழியில் சோளக் கதிர்களின் மேல் வேறொரு கூட்டம். ஐரோப்பாவின் தென்கிழக்குக் கோடியிலும் மத்திய ஆசியாவிலும் வெட்டுக்கிளி பெருகும் வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, வருஷத்தில் பெரும்பகுதியை இந்தியாவிலேயே கழிக்கும் சோளக்குருவிகள் இவை. இளஞ்சிவப்பும் கறுப்புமான மைனாவாகத் தோற்றமளிக்கும் இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பதில் பெரிய விசேஷமில்லை. மாலை ஐந்தரை மணிக்கு, அடையப் போகும் இடத்தின் மேல் பல்லாயிரம் சேர்ந்து ஒரே மேகமாகச் சுருண்டு விரிந்து திரும்பும்போது பார்க்க வேண்டும். பரண் கட்டிக் கவண் வீசித் தகரம் தட்டிய சம்சாரிகள் அவற்றின் மேல் பிரியம் வைத்திருந்தார்கள் என்று சொல்வது பொய்யாகும். ஆனால் கதிரில் உட்கார்ந்த குருவி புழுவையும் தின்றது என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். சோளத்தின் இடத்தை மக்காச்சோளம் பிடித்துக்கொண்ட பிறகு அந்தச் சச்சரவும் பாதியாகிவிட்டது. தரிசில் தாழப் பறந்து எலியும் வெட்டுக்கிளியும் தேடும் பூனைப்பருந்துகளும் இக்காலத்தவையே. அரசாங்கக் கணக்கில் தரிசு என்று எழுதப்பட்ட நிலம் அவற்றுக்கு வேட்டைக்காடு. கமுதிப் பக்கம் 2016-இல் எழுந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் போன்ற பெருமுயற்சிகளுக்கு இடம் தேடும்போது 'ஒன்றும் விளையாத பூமி' என்ற சொல் எவ்வளவு எளிதாக வாயில் வருகிறது என்பதை நினைத்தால் சற்று வருத்தமாகவே இருக்கிறது.

மாசி பிறந்ததும் நீர் உள்வாங்கத் தொடங்குகிறது. பரந்த நீர் சுருங்கி, பிறகு தனித்தனிக் குட்டைகளாகி, மீனெல்லாம் அந்தக் குட்டைகளில் நெருங்கும்போதுதான் பட்சிகளின் பெருவிருந்து. கூழைக்கடாக்கள் வரிசையாக அணிவகுத்து மீனைக் கரையோரம் ஒதுக்கி ஒரே சமயத்தில் பையலகைத் தாழ்த்துவதும், சாம்பல் நாரைகள் எட்டி நின்று காத்திருப்பதும், கருடன் மேலிருந்து இறங்கிப் பறிப்பதும் அப்போது காணக் கிடைக்கும். மனிதரின் விருந்தும் அதே சமயத்தில்தான். ஊர்கூடிக் கண்மாயை அழிக்கும் மீன்பிடித் திருவிழாவும் அப்போதே நடக்கிறது. இருசாராருக்கும் பங்கு கிடைத்துவந்த வரையில் தகராறு இல்லை. மீன்பாசி ஏலத்தில் பெரும் பணம் கொடுத்துக் குத்தகை எடுக்கும் முறை பரவிய பிறகு, நாரை தின்னும் ஒவ்வொரு மீனும் நஷ்டக் கணக்கில் ஏறுகிறது. சில இடங்களில் பறவையை விரட்டக் கரையில் வெடி போடுகிறவர்களும் உண்டு. அந்தப் பறவைகளின் எச்சம் கலந்த நீர் ஆயக்கட்டு வயல்களுக்குப் போகும் உரம் என்பதை வேடந்தாங்கல் விவசாயிகள் இரண்டு நூற்றாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். குத்தகைதாரருக்கு வயல் இல்லாதபடியால் அந்த வாதம் அவர் காதில் ஏறுவதில்லை.

கண்மாய்கள் வற்றியபின் காட்சி கடற்கரைக்கு மாறுகிறது. மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்டு 1986-இல் அமைந்த மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் சேற்று மேடுகளும், வாலிநோக்கம் உப்பளங்களும், தனுஷ்கோடி மணலுக்கு இடையே தேங்கும் ஆழமற்ற கடல்நீரும் உள்நாட்டில் இடமிழந்த பறவைகளுக்குக் கடைசிப் புகலிடம். கருவால் மூக்கன் சாம்பல் நிறத்தை விட்டுச் செங்கல் நிறம் ஏறுவதும், வளைமூக்கு உள்ளானின் வயிறு செம்மண்ணாகச் சிவப்பதும் பங்குனியில் இங்கே காணலாம். வடதேசத்தில் மணம் புரியப் போகிறவை இங்கிருந்தே அலங்கரித்துக்கொண்டு புறப்படுகின்றன. தனுஷ்கோடியில் பூநாரைகள் தலைகீழாக அலகைக் கவிழ்த்து நீரை வடிகட்டும் இடத்தை, ஏறத்தாழ 525 ஹெக்டேர் பரப்பில், 2025-ஆம் ஆண்டு தமிழக அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது பொருத்தமான காரியம்.

வடக்கும் தெற்குமாகப் போய்வரும் இந்தப் பிரயாணத்தை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். சத்திமுற்றப் புலவர், மதுரைத் தெருவில் குளிரில் நடுங்கியபடி, தெற்கே குமரித் துறை வரை போய் வடக்கே திரும்பும் செங்கால் நாரையிடம் தம் மனைவிக்குத் தூது சொன்னதாக ஒரு பாட்டு இருக்கிறது. ஒரு பட்சிக்குத் தெற்கில் ஓர் எல்லையும் வடக்கில் ஒரு வீடும் உண்டு என்பதை அவர் கண்ணாலேயே கண்டிருக்கிறார். அந்த வீடு எங்கே என்பதைக் கண்டுபிடிக்க வளையம் வேண்டியிருந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சார்பில் சாலிம் அலி 1959-இல் தொடங்கிய வலசை ஆராய்ச்சியின் தொடர்ச்சியாகக் கோடியக்கரையில் பல்லாண்டுகள் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விட்டதனால், நம் உப்பளங்களில் மேயும் சிற்றுள்ளான்களுக்குச் சைபீரியாவோடு உள்ள சம்பந்தம் ருசுவாயிற்று. திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளத்துக்கு மார்கழியில் வரும் வரித்தலை வாத்துகளின் இனத்தைச் சேர்ந்தவை இமயத்தைக் கடக்கையில் ஏழாயிரம் மீட்டருக்கும் மேல் ஏறுகின்றன என்பதைப் பிற்காலத்தில் செயற்கைக்கோள் கருவிகள் காட்டின.

ஆனி ஆடியில் கண்மாயில் பார்க்க அநேகமாக ஒன்றுமில்லை. காற்றும் புழுதியும் மயிலும்தான். பாழ்பட்ட கமலைக் கிணறுகளுக்கு மேல் தொங்கும் கிளைகளிலும் பனையோலைகளிலும் தூக்கணாங்குருவிகள் மழையின் வரவை முன்னிட்டுப் பின்னத் தொடங்கும்போது சற்று நேரம் நிற்கலாம். ஆண் குருவி கூட்டைப் பாதியில், ஒரு வளையமும் கூரையுமாக நிறுத்திவிட்டுச் சிறகடித்துக் கூப்பிடும். பெண் வந்து உள்ளே நுழைந்து ஆராய்ந்து சம்மதித்தால்தான் மீதிப் பாதியும் குழல் வாசலும் முடிவுபெறும். சம்மதம் கிடைக்காத அரைக்கூடுகள் எத்தனையோ அதே கிளையில் ஆடிக்கொண்டிருக்கும். விதிவிலக்காக, விருதுநகருக்குப் பக்கத்தில் கௌசிகா நதியில் கட்டிய குல்லூர்சந்தை அணையில் கோடையிலும் பறவைகள் உண்டு. நகரத்துக் கழிவுநீர் அதில் வந்து சேருவதே காரணம். பவளக்காலிக்கும் கொக்குக்கும் சாக்கடை நீர் வெறுப்பில்லை. அதற்காக அணை நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பறவை இருப்பதனாலேயே நீர் சுத்தமானது என்று அனுமானிக்கிறவர்களுக்கு இதை எடுத்துக்காட்டுவதுண்டு.

இதுவரை ருதுக்கள். இனி மனிதர். ஐப்பசியில் கண்மாய் நிரம்பத் தொடங்குவதும் பறவைகள் இடம் பார்ப்பதும் நடக்கிற அதே மாதத்தில்தான் தீபாவளி வருகிறது. நம் விருதுநகர் மாவட்டமோ அந்தத் தீபாவளியால் பிழைக்கிற மாவட்டம். 1923-இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து, மழையின்மையையே மூலதனமாக்கித் தீப்பெட்டியிலிருந்து பட்டாசாக வளர்ந்த தொழில் இது. மருந்து உலர வறண்ட காற்று வேண்டும். இங்கே பட்டாசைப் பழித்து எழுதுவது, பல்லாயிரம் வீடுகளில் அடுப்பெரிவதைப் பழிப்பதற்குச் சமானம். எனக்கு அதில் இஷ்டமில்லை.

ஆனால் இதே பழைய ஜில்லாவில்தான் திருப்பத்தூருக்குச் சமீபத்தில் வேட்டங்குடி இருக்கிறது. வேட்டங்குடி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என்னும் மூன்று கண்மாய்களும் சேர்ந்து 38.4 ஹெக்டேர், 1977-இல், அதாவது ஜில்லா பிரிவதற்கு எட்டு வருஷம் முன்னதாக, சரணாலயம் ஆயிற்று. அவ்வூரார் பல தலைமுறைக் காலமாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கல்யாணத்துக்கும் கோயில் விழாவுக்கும்கூட இல்லை. சட்டம் போட்டு நிறுத்தியதன்று. பறவைகள் கூட்டில் இருக்கும்போது ஓசை கூடாது என்று ஊரே கட்டிக்கொண்ட நியமம். தீபாவளியன்று வனத்துறையார் மிட்டாய்ப் பெட்டிகளோடு சென்று அவ்வூரார்க்கு நன்றி சொல்லுவது சமீப கால வழக்கமாகியிருக்கிறது. வெடி செய்கிற ஊர்களும் வெடியை வேண்டாமென்று ஒதுக்கிய ஊரும் ஜில்லா பிரியும்வரை ஒரே கலெக்டரின் அதிகாரத்தில் இருந்தன என்பது நம் சரித்திரத்தில் ஒரு சின்ன விநோதம்.

அந்த நியமம் வெறும் உணர்ச்சியா, அதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்பவர்களுக்கு இரண்டு சங்கதிகள் சொல்லலாம். நெதர்லாந்தில், புத்தாண்டு நள்ளிரவு வாணவேடிக்கையின்போது பறவைகள் என்ன செய்கின்றன என்பதை மழை காட்டும் ராடாரைக்கொண்டு தொடர்ந்து மூன்று வருஷங்கள் பார்த்து, 2011-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்: பன்னிரண்டு அடித்த சில நிமிஷங்களுக்குள் ஆயிரக்கணக்கான பறவைகள் நீர்நிலைகளிலிருந்து திடுக்கிட்டெழுந்து, சுமார் ஐந்நூறு மீட்டர் உயரம் வரை ஏறி இருட்டில் சுற்றின. 2010-ஆம் வருஷத்தின் கடைசி இரவில் அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாகாணத்தில் பீபி என்னும் சிற்றூரில் வெடியோசைக்கு மிரண்டு எழுந்த கருங்குருவிகள் வீடுகளிலும் மரங்களிலும் மோதி ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. வேட்டங்குடியாருக்கு ராடார் தேவைப்படவில்லை. ஆயினும் நான் வெடியையே நிறுத்தச் சொல்லவில்லை. ஊருக்குள் வெடிக்கட்டும், கண்மாய்க் கரையில் வேண்டாம் என்பது நம் மாவட்டத்தாரும் தாராளமாக ஏற்கக்கூடிய நிபந்தனை.

ஓசையைக் காட்டிலும் பெரிய பிரச்சினை மரம். கண்மாய்க்குள் நடப்பட்ட நாட்டுக் கருவேல மரங்கள் இடுப்பளவு நீரில் மாதக்கணக்கில் நின்றாலும் சாவதில்லை. பூனையும் பாம்பும் எளிதில் ஏறாத முள்மரம். நாரைக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. பின்னால் வந்து பரவிய சீமைக் கருவேலம் நீரையும் நிலத்தையும் கெடுக்கிறது என்று ஜனங்கள் அதை வெறுப்பதும், உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டதும் எல்லோரும் அறிந்தவை. ஆனால் நாட்டுக் கருவேலம் இல்லாமற்போன இடங்களில் நாரைகள் சீமைக் கருவேலத்திலும் கூடு கட்டப் பழகிவிட்டன என்பது அவ்வளவாகப் பிரஸ்தாபிக்கப்படுவதில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத இயந்திரம் ஒன்றை உள்ளே இறக்கி ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டால், அடுத்த மழைக்கு நீர் இருக்கும். கூடு கட்ட இடம் இராது. 2017-இல் அரசாங்கம் குடிமராமத்தை மீண்டும் உயிர்ப்பித்து வண்டல் எடுத்ததனால் பல கண்மாய்கள் ஆழம் பெற்றன. எனினும் உள்வாய் முழுவதையும் ஒரே ஆழமாக வெட்டினால் நாரை நின்று மீன் தேடும் முழங்காலளவு நீர் எங்கும் இராது. எடுத்த மண்ணில் ஒரு பகுதியை நடுவே திட்டுகளாகக் குவித்து, அவற்றில் நாட்டுக் கருவேலமும் நீர்மருதும் வைத்து, கரையோரத்தைச் சரிவாக விட்டால் இந்தக் குறை தீரும், அதிகச் செலவுமில்லை.

சர்வதேச அங்கீகாரத்துக்கும் குறைவில்லை. ஈரநிலங்களுக்கான ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து முதலில் இடம்பெற்றது 2002-இல் கோடியக்கரை. இருபது வருஷங்கள் வேறொன்றும் சேரவில்லை. பிறகு 2022-இல் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், கூந்தன்குளம், மன்னார் வளைகுடா முதலிய பலவும், 2025-இல் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்தன. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் அவ்வரிசையில் விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் கண்மாய் எதுவும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அதற்காக மல்லாங்கிணற்றுப் பக்கத்துக் கண்மாய்களையும் சரணாலயமாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. சித்திரங்குடியில் நீர் இல்லாத வருஷத்தில் அந்தப் பறவைகள் எங்கே போகும் என்ற கேள்விக்கு விடை, பெயர் தெரியாத ஐம்பது நூறு ஊர்க் கண்மாய்களில்தான் இருக்கிறது. அவற்றையெல்லாம் சரணாலயமாக்குவது சாத்தியமும் இல்லை, அவசியமும் இல்லை. ஊராரின் புழக்கத்திலேயே அவை இருக்கட்டும்.

அந்தக் கண்மாய்களில் எந்த வருஷம் என்ன வந்தது என்று எழுதி வைக்க ஆள் இல்லாததே பெருங்குறை. 1987 முதல் ஜனவரிதோறும் ஆசிய நாடுகளில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது, பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்களும் தங்கள் ஊர்ப் பறவைகளை எண்ணுகிறார்கள், வனத்துறையும் எண்ணுகிறது. எண்ணுகிறவர்கள் ஏற்கெனவே பெயர்பெற்ற இடங்களுக்கே போவதனால், பெயர்பெற்ற இடங்களே மீண்டும் மீண்டும் ஏட்டில் ஏறுகின்றன. அ. மாதவையாவின் குமாரரான மா. கிருஷ்ணன் கானுயிர்களைப் பற்றித் தமிழிலேயே எழுதிக் காட்டியபோது, அதற்குப் பெரிய காடும் பெரிய உபகரணமும் வேண்டியதில்லை, பார்க்கும் கண்ணும் பொறுமையும் போதும் என்பது விளங்கியது. பள்ளிக்கூட உபாத்தியாயர் ஒருவரும் பத்துப் பிள்ளைகளும் மனம் வைத்தால், தங்கள் ஊர்க் கண்மாய்க்கு ஒரு குறிப்பேடு தொடங்கி, கலுங்கு பாய்ந்த தேதி, கூடு கட்டிய மரம், முதல் குஞ்சு பறந்த நாள், நீர் வற்றிய தேதி இவற்றை வருஷா வருஷம் பதிந்து வரலாம்.

இதற்கிடையில் ஊராட்சித் தலைவர்களுக்கும் கண்மாய் ஏலத்தில் பங்கு பெறுகிற பெரியோர்களுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள்: கண்மாய்க்குள் மரம் வெட்டுவதானால் கார்த்திகைக்கும் பங்குனிக்கும் இடையில் வெட்டாதீர்கள்; சித்திரையிலிருந்து ஆவணிக்குள் வெட்டிக்கொள்ளுங்கள்; வெட்டுமுன் கூடு இருந்த மரங்களுக்குச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, அவற்றை மட்டும் விட்டுவிடுங்கள்.